கேரட் காத்திருக்காது: மலைக் காய்கறிக்கு விலை எப்படி வருகிறது?

நீலகிரியில் கேத்தி பாலாடாவில் விடியற்காலை நாலு மணிக்குக் கேரட் கழுவும் மிஷின் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பெரிய இரும்புக் கூண்டு தண்ணீரில் சுழலும், மண்ணோடு உள்ளே போன கேரட் ஒன்றோடொன்று உரசி, கலங்கல் தண்ணீர் வாய்க்காலில் ஓட, மறுபக்கம் பளபளவென்று வந்து கொட்டும். எலும்பைத் துளைக்கும் அந்தக் குளிரில் என் சித்தப்பா மப்ளருக்குள் போனைச் செருகிக்கொண்டு நிற்பார். மலையடிவாரத்தில் மேட்டுப்பாளையம் மண்டியில் நேற்று என்ன விலை போனது, இன்று எத்தனை லோடு இறங்கியிருக்கிறது என்று விசாரிப்பார். வேடிக்கை என்னவென்றால், தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறார்? பிடுங்கியாயிற்று, கழுவியாயிற்று, லாரி வந்து நிற்கிறது. விலை பிடிக்கவில்லை என்று திரும்பக் கொண்டுபோய் மண்ணில் நட முடியுமா?

விவசாயச் சந்தையின் பொருளாதாரம் என்று யார் கேட்டாலும் நான் இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். சோப்புக்கும் சட்டைக்கும் விலையைச் செய்கிறவன் எழுதுகிறான். கேரட்டுக்கு, வாங்குகிறவன் சொல்வதுதான் விலை. இதை ஏமாற்று வேலை, இடைத்தரகர் சதி என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஏமாற்றும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் யோக்கியமாக இருந்தாலும் இந்த விலை இப்படித்தான் ஆடும், அதற்குக் காரணம் வேறு. யாரால் எவ்வளவு நாள் காத்திருக்க முடியும் என்பதுதான் அது.

முதலில் சாப்பிடுகிறவர் பக்கம். கேரட் கிலோ 60 ரூபாயிலிருந்து 30க்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் சாம்பாரில் இரண்டு பங்கு கேரட் போடுவீர்களா? ஒருநாள் அல்வா கிண்டுவீர்கள், பொரியல் ஒருமுறை கூடுதலாக வரும், அவ்வளவுதான். அதேபோல் 100 ரூபாய் ஆனாலும் குருமாவுக்குக் கால் கிலோ வாங்கத்தான் செய்வீர்கள். விலை எவ்வளவு மாறினாலும் வாங்கும் அளவு கொஞ்சம்தான் மாறுகிறது. பாடப்புத்தகத்தில் இதைத் தேவை நெகிழ்ச்சி குறைவு என்பார்கள். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சந்தைக்கு வரும் அளவு கொஞ்சம் மாறினாலே விலை பயங்கரமாக மாற வேண்டியிருக்கும். கூடுதலாக வந்த பத்து லோடை யாராவது வாங்கித் தின்றாக வேண்டும், அவர்களை வாங்க வைக்க விலையை அடிமட்டத்துக்குக் கொண்டுபோனால்தான் முடியும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1600களின் கடைசியில் இங்கிலாந்தின் தானிய விலையைப் பற்றி கிரெகரி கிங் என்பவர் பெயரில் ஒரு கணக்கு இருக்கிறது. விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும், பாதி குறைந்தால் நாலரை மடங்கு கூடுதலாக ஏறும் என்கிறது அது. எண்களை அப்படியே கேரட்டுக்குப் பொருத்த வேண்டாம், அதன் போக்கைப் பாருங்கள். 10 சதவீதம் குறைவாக விளைந்து 30 சதவீதம் கூடுதல் விலைக்குப் போனால் மொத்த வரவு 17 சதவீதம் அதிகம். அதாவது ஊரில் எல்லோருக்கும் கொஞ்சம் விளைச்சல் கெட்டால் ஊருக்கு லாபம், எல்லோருக்கும் அமோகமாக விளைந்தால் ஊருக்கு நஷ்டம்! அப்படியானால் எல்லோரும் சேர்ந்து கொஞ்சம் குறைத்து விளைவிக்கலாமே என்று கேட்கத் தோன்றும். சித்தப்பா தன் அரை ஏக்கரைக் குறைத்தால் மேட்டுப்பாளையத்தில் விலை ஒரு பைசா கூட அசையாது, அவர் வரவு மட்டும் குறையும். ஒவ்வொருவருக்கும் இதே கணக்கு. அதனால் யாரும் குறைக்க மாட்டார்கள். அதுவும் கேத்தியில் குறைத்தால் போதாது, கர்நாடகத்தில் மாலூர் பக்கமிருந்து வரும் கேரட் அந்த இடத்தை நிரப்பிவிடும்.

அடுத்தது பட்டியல். மண்டியில் சரக்கு விற்றதும் கையில் தரும் சீட்டை அப்படித்தான் சொல்வோம். சித்தப்பாவுக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன் என்பதால் இந்தச் சீட்டுகளோடு எனக்கு நெருங்கிய பழக்கம். எளிதாகப் புரிவதற்கு முழு எண்களாகவே போடுகிறேன். ஆயிரம் கிலோ கேரட், கிலோ 20 ரூபாய்க்குப் போனது. மொத்தம் 20,000. நூற்றுக்குப் பத்து கமிஷன் என்றால் 2,000 போச்சு. பிடுங்குகிற கூலி, கழுவுகிற காசு, சாக்கு, லாரி வாடகை, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 6 ரூபாய் என்று வைத்தால் 6,000. கையில் நிற்பது 12,000. (விதை, எரு, மருந்து, களையெடுப்பு எல்லாம் இதிலிருந்துதான் கழிய வேண்டும், அது வேறு.)

இப்போது மண்டி விலை பாதியாகி 10 ரூபாய் ஆகிறது. மொத்தம் 10,000. கமிஷன் 1,000. கூலியும் வாடகையும் பாதியாகுமா? லாரிக்காரர் கேரட் விலை பார்த்தா டீசல் போடுகிறார்? அது அதே 6,000. மிச்சம் 3,000. விலை பாதியானது, கையில் நிற்பது கால்வாசியானது. இன்னும் இறங்கி 6 ரூபாய்க்கு வந்தால்? 6,000த்தில் 600 கமிஷன், 6,000 செலவு, ஆக 600 ரூபாய் கைக்காசு போட்டு மேட்டுப்பாளையத்துக்கு அனுப்ப வேண்டும். கேரட்டைப் பிடுங்காமல் உழுதுவிடுவதையும், சாலையோரம் கொட்டி மாட்டுக்கு விடுவதையும் படம் பார்த்துவிட்டு, ‘ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே’ என்று கீழே ஊர்களில் இருந்து அறிவுரை வரும். கொடுக்கலாம்தான். பிடுங்கி மூட்டை கட்டி இறக்கிக்கொண்டுபோகும் ஆறு ரூபாயை யார் தருவது என்பதுதான் கேள்வி.

இதே கணக்கைக் கடைப் பக்கமிருந்தும் பார்க்கலாம். மண்டியில் 20 ரூபாய் கேரட் சென்னையில் உங்கள் தெருக் கடைக்கு வரும்போது 50 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ள 30 ரூபாயில் லாரி, கோயம்பேட்டு ஆள் கூலி, அழுகிக் கழிந்தது, கடை வாடகை, ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு லாபம் எல்லாம் அடக்கம், இதில் பெரும்பகுதி மண்டி விலையைப் பொறுத்து மாறாது. மண்டியில் 10 ஆனால் தெருக் கடையில் 40 ஆகும். விவசாயிக்கு விலை 50 சதவீதம் சரிந்திருக்கிறது, உங்களுக்கு 20 சதவீதம்தான். நீங்களோ முதலிலேயே விலை குறைந்ததற்காக அதிகம் வாங்குகிற ஆள் இல்லை. அப்புறம் தேங்கிய சரக்கு எப்படித் தீரும்? மண்டியில் இன்னும் இறங்கும்.

2024இல் ரிசர்வ் வங்கியின் ஆய்வு ஒன்று, வாங்குபவர் கொடுக்கும் ஒரு ரூபாயில் தக்காளி விவசாயிக்கு 33 பைசா, வெங்காயத்துக்கு 36, உருளைக்கிழங்குக்கு 37 பைசா போய்ச் சேர்கிறது என்று மதிப்பிட்டது. இந்த எண்களைக் காட்டி மீதி 65 பைசா கொள்ளை என்று பேசுவது சுலபம். என் அபிப்பிராயம் வேறு. பங்கு குறைவாக இருப்பதைவிட, விலையின் ஆட்டம் முழுவதும் அந்த 33 பைசாவின் தலையில் விழுவதுதான் பெரிய பிரச்சினை. நடுவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் நிலையான கூலி, விவசாயிக்கு மட்டும் எல்லோரும் எடுத்ததுபோக மிச்சம்.

சரி, விலை ஏறினால்? அதுதான் இன்னும் மோசம் என்று சித்தி சொல்வார், கிண்டலாக இல்லை, நிஜமாகவே. மழையிலோ பனியிலோ பயிர் கெட்டு விலை எகிறினால், அன்றே நாலு ஊரில் எல்லோரும் கேரட் விதை வாங்குவார்கள். கேரட் இங்கே ஏறத்தாழ நூறு நாள் பயிர். இன்றைய விலையைப் பார்த்து எல்லோரும் விதைத்தால் நூறு நாள் கழித்து எல்லோருடையதும் ஒன்றாக வரும், விலை படுக்கும். படுத்ததைப் பார்த்து எல்லோரும் கேரட்டை விட்டு பீட்ரூட்டுக்கும் பீன்ஸுக்கும் போனால், அடுத்த நூறு நாளில் கேரட் இல்லாமல் விலை ஏறும். இதை வரைபடத்தில் போட்டால் கோடுகள் சுற்றிச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வரும் என்பதால் 1934இல் நிக்கலஸ் கால்டோர் என்ற பொருளாதார அறிஞர் அதற்குச் சிலந்தி வலை என்றே பெயர் வைத்தார். நிஜத்தில் வலை அவ்வளவு அழகாக விழுவதில்லை. ஓணம் வந்தால் கேரளத்துக்கு லோடு கூடும், கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வீட்டில் காய்கறி அதிகம் செலவாகும், டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். இவையெல்லாம் வலையைக் கிழித்துக் கிழித்துப் போடும். ஆனாலும் உள்ளே ஓடும் நூல் அதுதான்.

குளிர்பதனக் கிடங்கு கட்டிவிட்டால் தீர்ந்ததே என்பது அடுத்து வரும் யோசனை. வடக்கே உருளைக்கிழங்குக்கு அது பொருந்தும், அங்கே வருஷத்துக்கு ஒரு பெரிய அறுவடை, மீதி மாதங்களுக்கு அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். நீலகிரியில் கேரட்டை வருஷம் முழுக்க யாராவது பிடுங்கிக்கொண்டே இருக்கிறார்கள். இன்றைய கேரட்டை வாடகை கொடுத்து ஒரு மாதம் வைத்திருந்தால், அடுத்த மாதம் மண்ணிலிருந்து புதிதாக வந்ததோடு போட்டி போட வேண்டும். அதைவிட மலிவான கிடங்கு மண்தான். விலை இல்லையென்றால் பத்து நாள் பிடுங்காமல் விடுவோம். அதற்கு மேல் விட்டால் வெடிக்கும், நடுத்தண்டு முற்றிப்போகும், முதல் ரகம் இரண்டாம் ரகமாகும். ஆகக் கேரட்டுக்கு இருக்கிற மொத்தப் பொறுமை பத்துப் பதினைந்து நாள்.

இப்போது இதைப் பூண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சுவாரசியமே இங்கேதான். நீலகிரியிலும் விளைகிறது, கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கமும் விளைகிறது. அந்தக் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, சந்தை கீழே வடுகபட்டியில். பூண்டைக் காயவைத்துக் கட்டிப் பரணில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். விலை பிடிக்கவில்லையா, இறக்க வேண்டாம். அதனால் பூண்டு விலையில் இன்றைய சரக்கு மட்டும் இல்லை, நாளைக்கு என்ன ஆகும் என்ற ஊகமும் சேர்ந்திருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்கு வரும் நீலகிரிப் பூண்டை வடமாநில வியாபாரிகள் விதைக்காகவும் வாங்குகிறார்கள். அங்கே மழைக்காலம் முடிந்து நடவு. ஆக, மத்தியப் பிரதேசத்தில் ஒரு விவசாயி இந்த முறை பூண்டு போடலாமா என்று யோசிப்பது ஊட்டிக்காரரின் விலையில் தெரியும். 2024 தொடக்கத்தில் கடையில் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அந்தச் சமயம் பரணில் பூண்டு வைத்திருந்தவர்களின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் எத்தனை பேர் வைத்திருந்தார்கள்? பூண்டு காத்திருக்கும், கடன் காத்திருக்காது. விதைக்கும் உரத்துக்கும் மண்டியில் முன்பணம் வாங்கியிருந்தால் சரக்கு வந்ததும் அதே மண்டிக்குத்தான் போக வேண்டும், அதுவும் உடனே. பள்ளிக்கூடம் திறக்கும் மாதம், கல்யாண மாதம் எதுவும் விலை ஏறட்டும் என்று தள்ளிப்போகாது. வசதியுள்ளவர் பரணில் வைப்பார், இல்லாதவர் அறுவடை நாளிலேயே, அதாவது எல்லோரும் விற்கும் நாளிலேயே விற்பார். ஒரே பூண்டு, ஒரே ஊர், இரண்டு விலை. காத்திருக்கும் சக்தி பயிரிடம் பாதி, பையிடம் மீதி.

மண்டிக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. அவரை வில்லனாகக் காட்டாமல் இதை எழுதுவதற்கு எனக்கு வசவு கிடைக்கலாம். பிணை கேட்காமல், ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தாலும் முன்பணம் தருகிறவர் அவர் ஒருவர்தான். கேரள வியாபாரி காசு தராமல் இழுத்தடித்தாலும் எங்களுக்கு அவர் கொடுத்தாக வேண்டும். இந்த ஆபத்துக்கும் கடனுக்கும் விலையாகத்தான் கமிஷனின் ஒரு பகுதி போகிறது. மறைந்திருக்கும் வட்டி என்றே சொல்லலாம். வட்டி அதிகமா என்றால், ஆமாம், அதிகம். வேறு மண்டிக்குப் போக முடியாதபடி கையைக் கட்டிப்போட்டுவிடுகிறதே, அது வட்டியைவிட அதிகம். ஒருமுறை எங்கள் சரக்கில் மூட்டைக்கு இரண்டு கிலோ ‘கழிவு’ என்று எழுதியிருந்தார்கள். கேட்டதற்கு, ‘அண்ணே, பழைய பாக்கிய மொதல்ல பாருங்க’ என்று பதில் வந்தது. சித்தப்பா பேசாமல் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தேயிலை வேறு மாதிரி. அங்கே விசித்திரம் என்னவென்றால் செடி காத்திருக்காது, இலையும் காத்திருக்காது, தூள் மட்டும் கொஞ்சம் காத்திருக்கும். கொழுந்தைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும், இல்லையென்றால் முற்றிவிடும். பறித்ததை அன்றே பேக்டரிக்குக் கொண்டுபோக வேண்டும், மூட்டைக்குள் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். ஆகவே கோத்தகிரிக்காரர் இலையைப் பக்கத்தில் உள்ள சில பேக்டரிகளைத் தவிர வேறெங்கும் கொண்டுபோக முடியாது. விற்பவர் ஆயிரக்கணக்கில், வாங்குபவர் விரல்விட்டு எண்ணும் அளவில். இதைச் சமாளிக்கத்தான் 1965இல் இன்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையம் வந்தது, பேக்டரியே விவசாயிகளுடையதாக இருக்கட்டும் என்பது யோசனை.

பச்சை இலையின் விலை குன்னூர் ஏலத்திலிருந்து இறங்கி வருகிறது. வாரா வாரம் தூள் ஏலம் போகிறது, அதன் சராசரியை வைத்து இலைக்கு எவ்வளவு தர வேண்டும் என்று தேயிலை வாரியம் மாதம்தோறும் அறிவிக்கிறது. தூள் விலையில் இத்தனை பங்கு இலை கொடுத்தவருக்கு என்று 2003ஆம் வருட ஆணையின்படி ஒரு சூத்திரம் உண்டு. முதலில் 60க்கு 40, பிறகு 65க்கு 35. தூள் கிலோ 100 ரூபாய் என்றால் 65 ரூபாய் இலைக்கு. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்குச் சற்று மேல் இலை வேண்டும், ஆக இலை கிலோ 15 ரூபாய் சுற்றி. பறிப்புக் கூலி இதற்குள்தான்.

ஏலத்தில் விலை விழுந்தால் என்ன செய்வோம் என்று நினைக்கிறீர்கள்? குறைவாகப் பறிப்போமா? இல்லை, அதிகம் பறிப்போம். இரண்டு இலை ஒரு மொட்டு என்பதை விட்டுவிட்டு நாலாவது இலையையும் சேர்த்து வழித்தால் எடை கூடும், அந்த மாதச் செலவு ஓடும். எல்லோரும் இதையே செய்தால் தூளின் தரம் கெடும், ஏலத்தில் விலை இன்னும் இறங்கும். கேரட்டில் பார்த்த அதே கதை, தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் செய்வது சரி, சேர்த்துப் பார்த்தால் எல்லோருக்கும் கேடு. போதாக்குறைக்கு வெளியுலகமும் வந்து மோதும். ரூபாயிலேயே தேயிலை வாங்கிய பெரிய வாடிக்கையாளரான சோவியத் யூனியன் 1991இல் நாடே இல்லாமல் போனது. உலகிலேயே அதிகமாகத் தேயிலை ஏற்றுமதி செய்யும் கென்யா, மொம்பாசாவில் என்ன விலைக்கு விற்கிறது என்பதும் குன்னூரில் எதிரொலிக்கும்.

போன் வந்ததால் ஏதாவது மாறியதா? மாறியது, ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. வடகேரளக் கடற்கரையில் 1997க்குப் பிறகு மொபைல் வந்தபோது ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் மத்தி மீன் விலையைத் தொடர்ந்து பார்த்தார். அதற்கு முன் ஒரு கரையில் மீனை வாங்க ஆளில்லாமல் கொட்டுவார்கள், பக்கத்துக் கரையில் கிடைக்காமல் தவிப்பார்கள். போன் வந்ததும் இந்த வித்தியாசம் சுருங்கியது, வீணாவது நின்றது. மீனவருக்கு வரவு கூடியது, வாங்குபவருக்கும் விலை கொஞ்சம் குறைந்தது. நல்ல விஷயம்தான். படகில் இருப்பவருக்கு எந்தக் கரைக்குத் திருப்பலாம் என்ற முடிவு கையில் இருந்தது. சித்தப்பா போனில் கேட்டுத் தெரிந்துகொண்டாலும், முன்பணம் கட்டிப்போட்ட லாரி ஒரே திசையில்தான் போகும். எல்லா ஊர் மண்டியிலும் சரக்கு நிரம்பி வழிகிற நாளில் போன் சொல்வதெல்லாம் ஒரே கெட்ட சேதி.

உழவர் சந்தை 1999இல் மதுரையில் ஆரம்பித்தது, ஊட்டியிலும் உண்டு. பஸ்ஸில் இரண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் ஊட்டிக்காரர்கள் மூன்று வேளையும் கேரட் தின்றாலும் நீலகிரியின் கேரட் தீராது. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் காய்கறி கிடையாது. கேரளம் 2020 நவம்பர் முதல் 16 பயிர்களுக்கு அடிப்படை விலை கொண்டுவந்தது, அது அங்கே விளைந்ததற்கு.

போன மாதம் கேரட் நல்ல விலை போனது. சித்தப்பாவும் நானும் பாலாடாவில் விதைக் கடைக்குப் போனோம். அவர் விலைப் பலகையைப் பார்க்கவில்லை, கல்லாவுக்குப் பின்னால் உள்ள அலமாரியைப் பார்த்தார். வழக்கமாக அடுக்கி வைத்திருக்கும் கேரட் விதை டப்பாவில் இரண்டுதான் மிச்சம். ‘என்ன தம்பி, எல்லாம் போயிடுச்சா?’ என்றார். ‘நேத்தே காலி அண்ணே, இதுவும் சொல்லி வச்சதுதான். உங்களுக்குன்னா ஒண்ணு தர்றேன்’ என்றார் கடைக்காரர். சித்தப்பா விரலில் ஏதோ எண்ணினார், நூறு நாள் கழித்து எந்த மாதம் வரும் என்று பார்த்திருப்பார். வேண்டாம் என்றுவிட்டு அரை கிலோ பீன்ஸ் விதை மட்டும் வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் ஏணியை எடுத்துப் போட்டு, பரணிலிருந்து விதைப்பூண்டு மூட்டையை இறக்கச் சொன்னார்.